முதலில் ஒரு நல்ல செய்தி

தட்டைப்பாறையைக் காணவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணி. மூன்றாம் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே கால்வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாறை இருந்த இடத்தில் மண்மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். கட்டில் அளவு பாறை. அதுவாக எழுந்து நடந்து போயிருக்க வாய்ப்பில்லை.

"அதுவா? போன சனிக்கிழமையே மெஷின் வச்சுத் தூக்கிப் போட்டுட்டோம்," என்றார் மேஸ்திரி. "மூட்டை அடுக்க இடைஞ்சலா இருந்துச்சு. வேணுமா? கரையிலதான் கிடக்கு, எடுத்துட்டுப் போங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோளில் தொங்கிய பையில் அந்த வாரத்து நீர்நாய்ப் பதிவுத்தாள் இருந்தது. அதில் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு நேராக, எங்கள் தொண்டர் தபால் அண்ணனின் முத்து முத்தான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: 'தட்டைப்பாறை மேல் தாயும் இரண்டு குட்டிகளும் வெயில் காய்ந்தன. குட்டிகள் நல்ல ஆரோக்கியம்.'

சனிக்கிழமை தூக்கிப் போட்ட பாறை மேல் செவ்வாய்க்கிழமை வெயில் காய்ந்திருக்கின்றன.

"இங்க நீர்நாய் ஏதாவது பார்த்தீங்களா?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"பத்து நாளா விடிஞ்சும் விடியாம வந்து நிக்கறோம். ஒண்ணையும் காணோம். தண்ணி நாயும் இல்ல, தெரு நாயும் இல்ல."

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு நடுவே ஓடும் கால்வாயை, பாலத்துக்குப் பாலம் ஒரு பகுதி என்று ஆறு பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். நாங்கள் என்றால் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சங்கத்தின் கால்வாய்க் கமிட்டி. கரைகளை உடைத்துக் கட்டுவதற்காகத் திங்கட்கிழமை காலை மதகின் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். நாற்பது நாளுக்குக் கால்வாயில் தண்ணீர் இருக்காது. குட்டிகளோடு ஒரு நீர்நாய் இருக்கிறது என்று இன்ஜினியர் அலுவலகத்துக்கு எட்டு முறை நடையாய் நடந்து, ஏழு முறை கெஞ்சி, ஒரு முறை கத்தி, ஒரே ஒரு சலுகை வாங்கியிருந்தேன். நீர்நாய் இருக்கிற பகுதி எதுவோ அதற்கு மட்டும் இரண்டு முனையிலும் மண்மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்கி வைப்பார்கள். எந்தப் பகுதி என்று இன்ஜினியர் கேட்டார். மூன்று மாதப் பதிவுத்தாள்களைக் கட்டாகத் தூக்கி மேஜையில் வைத்தேன். எல்லாத் தாளிலும் மூன்றாம் பகுதி.

இப்போது அவை அங்கே இல்லையென்றால் வேறு எங்கேயோ இருக்கின்றன. அந்த 'வேறு எங்கேயோ' திங்கட்கிழமை வற்றிப்போகும். தானாக மீன் பிடிக்கத் தெரியாத குட்டிகளை இழுத்துக்கொண்டு அந்தத் தாய் எங்கே போகும்? இரண்டு பக்கமும் சாலை, சாலை நிறைய லாரி. லாரிக்குத் தப்பினால் நாய்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு தபால் அண்ணன் வீட்டை நோக்கி நடந்தேன்.

நடக்கிற வழியில் என் தொழிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சங்கத்தில் தொண்டர்களை ஒருங்கிணைப்பவள் நான். எங்கள் கிளையில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள். சம்பளக்காரன் வேலைக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். தொண்டர் வராவிட்டால், "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று குழைய வேண்டும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். குழைந்து குழைந்தே எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. அப்படியும் போன வருஷம் குளக் கமிட்டி என் கண் முன்னாலேயே கரைந்தது. பதினொரு பேர் ஏழானார்கள், ஏழு பேர் மூன்றானார்கள், கடைசியில் ஒரே ஒருவர் வந்தார். அவரும் ஃபேன் காற்றுக்காக வந்தவர் என்று பிறகு தெரிந்தது. குளமும் போயிற்று. அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

கால்வாய்க் கமிட்டிக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாது என்று ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம் தொடங்கியதும், வேறு எதுவும் பேசுவதற்கு முன், ஆளுக்கு ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும். சொல்லாதவர்களுக்கு டீ கிடையாது. வேடிக்கையாகத்தான் சொன்னேன், அது சட்டமாகிவிட்டது. முதல் மாதம் நல்ல செய்திக்குப் பஞ்சமே இல்லை. தாயும் இரண்டு குட்டிகளும் எல்லார் கண்ணிலும் பட்டன. டெய்லரம்மா குட்டிகள் குட்டிக்கரணம் போட்டதை நடித்தே காட்டினார்.

இரண்டாம் மாதம் யாருக்கும் எதுவும் தென்படவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் டீ ஆறுவதைப் பார்த்தபடி இழவு வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். பஸ் ஓட்டும் டிரைவர் தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். குளக் கமிட்டியிலும் கடிகாரத்தைப் பார்ப்பதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நான் வாயைத் திறந்தேன்.

"நான் இன்னைக்குக் காலையில பார்த்தேன். தாய் மட்டும். மூணாம் பாலத்தடியில."

பார்க்கவில்லை. அன்று காலை எட்டு மணி வரை நான் நன்றாகத் தூங்கினேன். ஆனால் தபால் அண்ணன், டெய்லரம்மா, டிரைவர் தம்பி, மூன்று பேர் முகமும் மலர்ந்ததைப் பார்த்ததும், ஒரே ஒரு தடவைதானே என்று மனசைத் தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

நாலாவது முகம் மலரவில்லை. அது என் தங்கை. "எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்குள் தபால் அண்ணன் வீடு வந்துவிட்டது.

அவர் ஓய்வு பெற்ற தபால்காரர். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு கடிதத்தைக்கூட வீடு மாற்றிப் போட்டதில்லை என்று அவரே எல்லோரிடமும் சொல்வார். வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை பார்த்தேன்னு எழுதியிருந்தீங்களே, தட்டைப்பாறை மேல..."

"ஆமாம்மா. மூணும் இருந்துச்சு. என்னா அழகு."

"பாறை சனிக்கிழமையே போயிடுச்சுண்ணே."

குப்பி சாய்ந்து எண்ணெய் தரையில் ஒழுகியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"போன மாசம் பூரா நான் ஒண்ணையும் பார்க்கலம்மா," என்றார் கடைசியில். "அதுக்கு முந்தின மாசமும் இல்ல. வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்தா நீங்க என் முகத்தையே பார்க்கறீங்க. இல்லைன்னு சொன்னா வாடிப் போயிடுவீங்களேன்னு..."

"என் முகம் வாடினா வாடிட்டுப் போகுது. அதைத் தண்ணி ஊத்தி வளர்க்கவா கமிட்டி வச்சிருக்கோம்?"

கத்திவிட்டேன். அவர் சாய்ந்த குப்பியை நிமிர்த்தி வைத்தார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. கத்துவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது.

டெய்லரம்மா கடையில் பள்ளிக்கூடச் சட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. நான் கேள்வியை முடிப்பதற்குள் மெஷினை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் தெரியலையேன்னு நினைச்சேன். கண்ணு போச்சுன்னு பயந்துட்டேன். ஊசி கோக்கறவளுக்குக் கண்ணு போனா என்ன மிச்சம்? வெளிய தெரிஞ்சா யாரு துணி தருவா? அதான் அண்ணன் எழுதினதையே பார்த்துக் கொஞ்சம் மாத்தி மாத்தி எழுதிட்டேன். அவர் பாறை மேலன்னா நான் பாறைக்குப் பக்கத்துலன்னு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "போன வாரம் டாக்டர்கிட்ட போய்க் கண்ணாடியையும் மாத்திட்டேன். அப்பவும் தெரியல."

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா. அங்க நீர்நாய்தான் இல்ல."

"நிஜமாவா?" என்று அந்த அம்மாள் முகமெல்லாம் மலரச் சிரித்தார். அடுத்த நொடியே, தான் எதற்குச் சிரிக்கிறோம் என்று புரிந்து வாயைப் பொத்திக்கொண்டார். நான் சொன்ன ஒரு பொய்யால் இந்த மனுஷி இரண்டு மாதமாகத் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அந்தக் கடையில் எனக்கு நிற்கவே முடியவில்லை.

டிரைவர் தம்பியைப் போனில் பிடித்தேன். அவன் பூசி மெழுகவில்லை. "பஸ்ஸைப் பாலத்து மேல ஓட்டிட்டுப் போறப்ப எட்டிப் பார்க்கறதோட சரிக்கா. மூணு பேரு தினமும் பார்க்கறீங்க, நான் வேற எதுக்கு இறங்கி நடக்கணும்னு விட்டுட்டேன். தப்புதான்." பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். வைத்துவிட்டான்.

ஆக, இரண்டு மாதப் பதிவு மொத்தமும் பொய். ஒருவருக்கொருவர் தெம்பு கொடுக்க நாங்களே எழுதிக்கொண்ட கதை. அதை நம்பித்தான் இன்ஜினியர் தவறான இடத்தில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் அலுவலகம் ஒரு பல் டாக்டரின் மாடியில் இருக்கிறது. கீழே யாருக்கோ பல்லை ராவிக்கொண்டிருந்தார்கள். நான் மேஜையின் கடைசி இழுப்பறையைத் திறந்தேன். அங்கே என் தங்கையின் தாள்கள் இருந்தன.

சின்னவள் பிஸ்கட் ஃபாக்டரியில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்க உடைந்ததையும் கருகியதையும் பொறுக்கித் தள்ளுவதுதான் அவளுக்கு வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே பார்வைதான். என் கல்யாணத்தன்று, புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னபோது, "மாப்பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் ஒண்ணு மாறியிருக்கு," என்று சொன்னவள் அவள். கமிட்டிக்கு ஆள் குறைந்தபோது நான்தான் அவளை வலுக்கட்டாயமாக இழுத்துவந்தேன். வந்தவள் வாராவாரம் தாளில் 'இல்லை' என்று எழுதினாள். நல்ல செய்தி நேரத்தில், "எனக்கு ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டுத் தைரியமாக டீயையும் எடுத்துக் குடித்தாள். அந்தத் தாள்களைப் பலகையில் குத்தினால் மற்றவர்கள் சோர்ந்துபோவார்கள் என்று இழுப்பறையில் தள்ளிக்கொண்டே வந்தேன். ஏழு வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, "மூணுல இல்ல..." என்று அவள் தொடங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. "நீ வாயைத் திறந்தாலே அபசகுனம்தான்," என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவள் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அதோடு பேச்சுவார்த்தை இல்லை.

தாள்களைத் தேதி வாரியாக அடுக்கிப் படித்தேன். வெறும் 'இல்லை' என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 'மூன்றாம் பகுதி: விலங்கு இல்லை. காலடி இல்லை. எச்சம் பழையது, தொட்டால் உதிர்கிறது.' அடுத்த வாரம்: 'மூன்றாம் பகுதி: இல்லை. பழைய எச்சமும் மழையில் போய்விட்டது.' கடைசித் தாள்: 'மூன்றாம் பகுதி: இல்லை. ஐந்தாம் பகுதி, உடைந்த குழாய் அருகே: புது எச்சம், மீன் செதில் ஈரமாக இருக்கிறது. பெரிய காலடி, சின்னக் காலடி இரண்டும். இங்கே நம் ஆட்கள் யாரும் நடப்பதில்லை. பார்க்கவும்.'

'பார்க்கவும்' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

கீழே பல் ராவும் சத்தம் நின்றது. நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை இல்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் கதவைத் திறந்து, "வாங்கக்கா," என்று சொல்லிவிட்டு, என் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்தார். உடனே கடையில் ஏதோ வேலை இருப்பது ஞாபகம் வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். புத்திசாலி.

சின்னவள் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வந்தே?"

"உன் தாளைப் படிச்சேன்."

"எப்ப?"

"இன்னைக்கு."

அவள் ஒரு துண்டை மடித்தாள். திருப்தியில்லாமல் உதறி மறுபடி மடித்தாள். "ஏழு வாரம் கழிச்சு," என்றாள்.

பாறை விஷயத்திலிருந்து டெய்லரம்மா கண்ணாடி வரை எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மணி வரை தூங்கியதையும் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"சின்னவளே, நான் பண்ணினது தப்பு."

இந்த வாக்கியத்தை என் ஆயுளில் இரண்டு முறைதான் சொல்லியிருக்கிறேன். முதல் முறை எட்டு வயதில், அம்மா என் காதைத் திருகிப் பிடித்திருந்தபோது.

"அபசகுனம்னு சொன்னியே, அதுக்காக நான் போகல," என்றாள். "நீ திட்டாத திட்டா? சின்ன வயசுலேருந்து வாங்கறேன். அன்னைக்கு நான் சொல்ல வந்ததே நல்ல செய்திதான். மூணுல இல்ல, அஞ்சுல இருக்குன்னு சொல்ல வந்தேன். நீ 'இல்ல'ங்கற இடத்துலயே என் வாயை அடைச்சுட்டே. கேக்கறதுக்கே ஆள் இல்லாத இடத்துல எனக்கு என்ன வேலை?"

கையை நீட்டி ஒரு சட்டையை எடுத்து மடித்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி, சரியாக மடித்தாள்.

"காலையில ஆறு மணிக்கு அஞ்சாம் பாலத்துக்கு வா," என்றாள். "உனக்காக இல்ல."

வெள்ளிக்கிழமை காலை அவள் காட்டிய இடத்தில் எல்லாம் இருந்தது. உடைந்த சிமெண்ட் குழாய், அதன் வாயில் கோரைப்புல், ஈரச் சேற்றில் விரல் விரித்த பெரிய காலடி. எச்சத்தில் மீன் செதில் மினுங்கியது. ஆனால் சின்னக் காலடி மட்டும் எங்கேயும் இல்லை. ஏழு வாரத்துக்கு முன் இருந்தது, இன்றைக்கு இல்லை. நாங்கள் இருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பத்து மணிக்கு இன்ஜினியர் முன் நின்றேன். மேஜையில் பென்சில்களை உயர வரிசையில் அடுக்கி வைக்கிற மனிதர். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். பாதியிலேயே அவர் எங்கள் பழைய பதிவுத்தாள் கட்டை எடுத்து என் பக்கமாகத் தள்ளினார்.

"ரெண்டு மாசமாப் பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இன்னைக்கு வந்து, இதெல்லாம் பொய், இப்ப சொல்றதுதான் நிஜம்னு சொல்றீங்க. நான் எதை நம்பறது?"

"நீங்களே வந்து காலடியைப் பாருங்க சார்."

"காலடியைப் பார்த்து எனக்கு என்ன தெரியும்? நாய் காலடின்னு நாளைக்கு வேற ஒருத்தர் சொன்னா?" நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஒரு தடவை மூட்டையை மாத்தினாலே எனக்கு மேல இருக்கறவங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. நாளைக்குக் காலையில ஆறரைக்கு வர்றேன். ஏழரை வரைக்கும் நிப்பேன். கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் வரணும். என் கண்ணுக்குத் தெரிஞ்சா மாத்தறேன். இல்லேன்னா மூணுலதான் தண்ணி. அப்புறம் உங்க சங்கத்துலேருந்து ஒரு துண்டுச் சீட்டுகூட இந்த மேஜைக்கு வரக்கூடாது."

அன்றைய கூட்டத்தில் நல்ல செய்தி நேரம் இல்லை. டீ மட்டும் இருந்தது. "நாளைக்கு ஒருத்தரும், என்ன ஆனாலும், பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்லக்கூடாது," என்றேன். மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல் தலையாட்டினார்கள். சின்னவள் கூட்டத்துக்கு வரவில்லை.

சனிக்கிழமை ஐந்தாம் பாலத்துக்குக் கீழே, கரையில், ஆறு பேர் வரிசையாக நின்றோம். சின்னவள் ஃபாக்டரிச் சீருடையிலேயே வந்திருந்தாள், எட்டு மணிக்கு அவளுக்கு ஷிப்ட். இன்ஜினியர் வாட்சைப் பார்த்து, "ஆறரை," என்றார்.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது நிமிஷம் ஆயிற்று. தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. பாலத்தின் மேல் லாரி போகும்போதெல்லாம் லேசாக நடுங்கியது. ஏழு மணிக்குக் குழாய்ப் பக்கம் ஏதோ முங்கி எழுந்தது. டெய்லரம்மா வாயைத் திறந்தார். நீர்க்காகம். வாயை மூடிக்கொண்டார். இரண்டு நாளில் இந்தத் தண்ணீர் இருக்காது என்று நினைத்தேன், அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஏழேகாலுக்கு இன்ஜினியர் திரும்பினார். "யாராவது ஏதாவது பார்த்தீங்களா?"

"இல்லைங்க," என்றார் தபால் அண்ணன்.

"இல்லைங்க சார்." டெய்லரம்மாவின் குரல் கம்மியது.

"பார்க்கல சார்," என்றான் டிரைவர் தம்பி.

அந்த நிமிஷத்தில் அவர்களைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. உண்மை சொன்னதால் எல்லாம் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தும் அப்படி இருந்தது.

ஏழு இருபத்து மூன்றுக்கு, குழாய் வாய்க்கும் கோரைக்கும் நடுவே, தண்ணீர் பிளந்தது. தட்டையான தலை, சின்னக் காது, இரண்டு பக்கமும் விறைத்த மீசை. என்னை நேராகப் பார்த்தது. புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. அவ்வளவுதான், போய்விட்டது. இரண்டு நொடிகூட இருக்காது. தண்ணீர் மறுபடி மூடிக்கொண்டது.

"பார்த்தேன்," என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. எங்கள் ஆட்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நான் மறுபடி கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. கெஞ்சுகிற முகத்தோடு நான் நின்றிருக்க வேண்டும். ஏனென்றால் டெய்லரம்மா என் கையைத் தொட்டார்.

"ஆமா சார்," என்றார். "நானும் பார்த்தேன்."

"ஆமாங்க," என்றார் தபால் அண்ணன். "நல்லாவே தெரிஞ்சுது."

"பெருசு சார்," என்றான் டிரைவர் தம்பி.

அடப்பாவிகளா என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன். பாசத்தினால்தான் சொன்னார்கள். அந்தப் பாசம் என் நெற்றியில் அடித்த ஆணியாக இறங்கியது.

இன்ஜினியர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "எங்கே பார்த்தீங்க? ஒவ்வொருத்தராக் காட்டுங்க."

தபால் அண்ணன் பாலத்தடியைக் காட்டினார். டெய்லரம்மா நடுத்தண்ணீரைக் காட்டினார். டிரைவர் தம்பி எதிர்க்கரையைக் காட்டிவிட்டு, மற்ற இரண்டு கைகளையும் பார்த்து, தன் கையை மெல்ல இறக்கிக்கொண்டான்.

"நீங்க?" என்று சின்னவளைக் கேட்டார்.

"நான் பார்க்கல சார். நான் அந்த நேரம் மேல் பக்கம் பார்த்துட்டு இருந்தேன்."

"உங்கக்கா பார்த்தாங்களா?"

சின்னவள் என்னைப் பார்த்தாள். உடைந்ததா முழுசா என்று பிஸ்கட்டைப் பார்க்கிற அதே பார்வை. "எனக்குத் தெரியாது சார்," என்றாள்.

அது எவ்வளவு வலித்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவள் சொன்னது சரிதான். அவளுக்கு எப்படித் தெரியும்?

"நீங்க காட்டுங்க," என்றார் இன்ஜினியர் என்னிடம்.

"அந்தக் குழாய் வாய். கோரைக்கு இந்தப் பக்கம்."

அவர் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார். "மேஸ்திரி, மூணுல இருக்கற மூட்டையைப் பிரிங்க. எல்லாத்தையும் அஞ்சுக்குக் கொண்டு வரணும். ஆமா, இன்னைக்கே." போனை வைத்துவிட்டு என்னிடம், "மூச்சு விட்டப்ப மீசையில தண்ணி சொட்டுச்சு," என்றார். "இவங்க மூணு பேரும் ஆமா ஆமான்னு சொன்னதும், நான் பார்த்ததே நிஜமான்னு எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

தபால் அண்ணன் தன் செருப்பைப் பார்த்தார்.

"இனிமே இந்தம்மா கையெழுத்து இருக்கற தாளை மட்டும் என்கிட்ட கொண்டு வாங்க," என்று சின்னவளைக் காட்டினார்.

"நான் கமிட்டியில இல்ல சார்," என்றாள் அவள்.

"அதுதான் தெரியுதே," என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் படியேறிப் போனார்.

கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் இருக்கும், இந்த ஒரு பகுதியில் மட்டும் நாற்பது நாளும் இருக்கும். மற்றவர்களும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. எனக்குத் திட்டத் தெம்பும் இல்லை.

"அப்ப குட்டிங்க?" என்று தபால் அண்ணன் மெதுவாகக் கேட்டார். "குட்டிங்களும் பின்னால வந்துச்சாம்மா?"

டெய்லரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். டிரைவர் தம்பி குனிந்திருந்த தலையை நிமிர்த்தினான். சேற்றில் காணாத அந்தச் சின்னக் காலடி என் நினைவில் நின்றது. ஷிப்டுக்கு நேரமாகிக் கிளம்ப எழுந்த சின்னவளும் நின்று திரும்பினாள். அவளும் நல்ல செய்திக்காகத்தான் காத்திருந்தாள். அவள் முகத்தில் அந்த ஆசையை நான் அதுவரை பார்த்ததில்லை. 'ஆமா, ரெண்டும் வந்துச்சு' என்பது என் நாக்கின் நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் நாலு பேருக்கும் அன்றைய பொழுது நன்றாக இருந்திருக்கும்.

"பார்க்கல," என்றேன். "ஒரு தலைதான் பார்த்தேன்."

அவர்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் போகவில்லை. சின்னவள் வாட்சைப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.